தேடியது எந்த மொழியில்? சிங்கப்பூரின் மீத்திறன் கல்வியும் தமிழ்க் குழந்தைகளும்

ஒரு நாடு தன் பிள்ளைகளுள் மிகுந்த திறனுடையோரை எவ்வாறு தேடியது என்று ஆராய்ந்தால், அந்நாடு எதனை அறிவு என்று மதித்தது என்பதும் விளங்கிவிடும். சிங்கப்பூரில் இத்தேடலுக்கு ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டு வரலாறு உண்டு. 1885-இல் தொடங்கிய அரசியார் உபகாரச் சம்பளம் அதன் ஒரு முனை. 2024-இல் அறிவிக்கப்பட்ட மீத்திறன் கல்வி மாற்றம் மறு முனை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலத்தைத் தமிழ்க் குழந்தையின் பக்கம் நின்று காண்பதே இவ்வுரையின் நோக்கம். நாம் எழுப்பும் வினா ஒன்றே: திறனைத் தேடியவர்கள் எந்த மொழியில் தேடினார்கள்? ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் இன்றும் பயன்படக்கூடிய விடை இவ்வினாவில் அடங்கியிருக்கிறது.

சொல்லும் பொருளும்

முதலில் சொல்லைப் பார்ப்போம். ‘மீத்திறன்’ என்பது அண்மைக் கல்வித்துறை ஆக்கம். ஆனால் அதன் உறுப்புகள் மிகப் பழையன. ‘மீ’ என்பது மேல், உயர்வு என்னும் பொருள்களைத் தரும். கலம் செலுத்துவோனைக் குறிக்கும் ‘மீகாமன்’, மேலிடத்தைக் குறிக்கும் ‘மீமிசை’ ஆகிய சொற்களில் அதனைக் காண்கிறோம். ‘திறன்’ என்பது ‘திறம்’ என்பதன் மற்றொரு வடிவம். ஆகவே ‘மீத்திறன்’ என்ற சொல் திறனின் அளவைப் பற்றியே பேசுகிறது. அத்திறன் எத்துறையைச் சார்ந்தது என்று சொல்வதில்லை. அதனை முடிவு செய்வோர் தேர்வு நடத்துவோரே.

சொல் புதிதாயினும் கருத்து தமிழர்க்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளியில் விரைந்து கற்ற பிள்ளை சட்டாம்பிள்ளை ஆனான். தான் கற்றதைப் பிறர்க்குச் சொல்லிக் கொடுத்தான். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை மேற்பார்த்த ஆண்ட்ரு பெல் என்பார், மணலில் விரலால் எழுதிக் கற்ற உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளைக் கண்டு, மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். அதனைப் பற்றி அவர் எழுதிய நூல் 1797-இல் இலண்டனில் வெளிவந்தது. ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது ஆங்கில நாட்டுப் பள்ளிகளிலும் பரவியது. திறன் மிக்க மாணவனை வகுப்பிலிருந்து பிரிக்காமல், அவனுக்குக் கூடுதல் பொறுப்பளிக்கும் வழி அது.

நம் மரபில் மீத்திறனைப் பலர் முன்னிலையில் மெய்ப்பிக்கும் அரங்கும் இருந்தது. எட்டுச் செயல்களை ஒரே வேளையில் கவனிப்பது அட்டாவதானம். நூறு செயல்களைக் கவனிப்பது சதாவதானம். 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்திய செய்குத்தம்பிப் பாவலரைத் தமிழுலகம் நன்கறியும். நினைவாற்றல், கணக்கு, செய்யுள் இயற்றும் திறன் யாவும் அவ்வரங்கில் தமிழ்மொழியின் வழியே சோதிக்கப்பட்டன என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

உபகாரச் சம்பளமும் தோட்டப் பள்ளியும்

நீரிணைக் குடியேற்றப் பகுதிகளில் திறன்மிகு மாணவரை அரசு முறைப்படி தேடத் தொடங்கியது 1885-இல் எனலாம். சர் செசில் கிளெமெண்டி ஸ்மித்தின் முயற்சியால் அரசியார் உபகாரச் சம்பளத் திட்டம் அவ்வாண்டில் உருவானது. போட்டித் தேர்வில் முதன்மை பெறும் மாணவர் சிலர் பிரிட்டனில் உயர்கல்வி கற்க அது வழி செய்தது. 1887-இல் அதனைப் பெற்ற ராஃபிள்ஸ் கல்வி நிலைய மாணவர் லிம் பூன் கெங், எடின்பரோவில் மருத்துவம் பயின்று திரும்பிச் சிங்கப்பூர்ச் சீனச் சமூகத்தின் சீர்திருத்தத் தலைவராக விளங்கினார். ஒரு மாணவனுக்குக் கிடைத்த வாய்ப்பு ஒரு சமூகத்திற்கே பயன் தந்தது என்பதற்கு இது சான்று.

ஆனால் அவ்வாய்ப்பின் வாயில் ஆங்கிலப் பள்ளியில் இருந்தது. அதே காலத்தில் மலாயாத் தமிழ்ப் பிள்ளைகளுள் பெரும்பாலோர் தோட்டங்களில் இருந்தனர். 1912-இலும் பின்னர் 1923-இலும் வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் தோட்டப் பிள்ளைகளுக்குப் பள்ளி அமைக்கும் கடமையைத் தோட்ட நிருவாகத்தின்மேல் சுமத்தின. அப்பள்ளிகள் எழுத்தும் எண்ணும் கற்பித்தன. தொடக்கநிலைக்குமேல் செல்லப் படிக்கட்டு இல்லை. அங்கே எத்தனை கூரிய பிள்ளைகள் இருந்தனர் என்பதைக் கணக்கிட எந்தத் தேர்வும் நடைபெறவில்லை. தேடப்படாத இடத்தில் திறன் இருந்ததா இல்லையா என்ற வினாவுக்கு ஆவணங்கள் விடை தருவதில்லை.

பள்ளி தராத வளத்தைச் சமூகம் தர முனைந்தது. 1935-இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு, 1950-களில் ‘மாணவர் மணிமன்றம்’ என்ற பகுதியை நடத்தி இளையோரை எழுதத் தூண்டியது. சிங்கப்பூர், மலேசியத் தமிழ் எழுத்தாளர் பலர் அம்மன்றத்தில் எழுதிப் பழகியவர்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை உருவான காலத்தில், அங்குத் தமிழ் நிலைபெறவும் தமிழ் நூல்கள் சேரவும் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதி பொதுமக்களிடம் திரட்டப்பட்டது. இன்று நாம் ‘வளப்படுத்தும் வாய்ப்பு’ என்று வழங்குவது இவைதாம்: எழுத ஓர் இடம், படிக்க ஒரு நூலகம், அடுத்து ஏறிச்செல்ல ஒரு படி.

1984

விடுதலைக்குப் பிந்திய சிங்கப்பூர், மக்களின் திறனையே தன் முதலாகக் கருதியது. 1979-இல் வெளியான கோ கெங் சுவீ அறிக்கை, மாணவரைக் கற்றல் வேகத்திற்கேற்பப் பிரித்துக் கற்பிக்கும் முறையைக் கொணர்ந்தது. மெல்லக் கற்போர்க்குத் தனிவழி தேவையெனின், மிக விரைந்து கற்போர்க்கும் தேவை என்ற கருத்து அதனைத் தொடர்ந்து எழுந்தது. 1981-இல் கல்வித் துணையமைச்சர் டாக்டர் டே எங் சூன் தலைமையில் ஒரு குழு வெளிநாடுகளின் மீத்திறன் கல்வியை ஆராய்ந்தது. 1984-இல் மீத்திறன் கல்வித் திட்டம் தொடங்கியது. ரோசித் பள்ளி, ராஃபிள்ஸ் பெண்கள் தொடக்கப்பள்ளி ஆகிய இரண்டு தொடக்கப்பள்ளிகளிலும், ராஃபிள்ஸ் கல்வி நிலையம், ராஃபிள்ஸ் பெண்கள் பள்ளி ஆகிய இரண்டு உயர்நிலைப்பள்ளிகளிலும் அது முதலில் நடைபெற்றது. பின்னர்த் தொடக்கநிலையில் அது ஒன்பது பள்ளிகளுக்கு விரிந்தது. ஒவ்வொரு வயதுத் தொகுதியிலும் ஏறத்தாழ ஒரு விழுக்காட்டினர் அதில் சேர்ந்தனர்.

திட்டத்தின் கல்விமுறை உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. பாடத்தை விரைவாக முடிப்பதை அது நோக்கமாகக் கொள்ளவில்லை. ஆழமாகவும் அகலமாகவும் கற்க வைத்தது. மாணவர் தாமே ஒரு பொருளைத் தெரிந்து ஆய்வு செய்தனர். பெற்றோர்க்கு விளக்கக் கூட்டங்கள் நடந்தன. விரைந்து சிந்திக்கும் பிள்ளை தனிமையுணர்வும் முழுமையை நாடும் மனஅழுத்தமும் கொள்ளக்கூடும் என்பது உணரப்பட்டு, மனவளத்திலும் கருத்துச் செலுத்தப்பட்டது.

இக்காலவரிசையோடு வேறொரு காலவரிசையையும் நாம் ஒப்பிட வேண்டும். கடையநல்லூர் முஸ்லிம் சமூகத்தார் 1946-இல் நிறுவிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி, 1960-இல் உயர்நிலைப்பள்ளியாக வளர்ந்து, 1982-இல் மூடப்பட்டது. அதனுடன் இந்நாட்டில் தமிழ்வழி உயர்நிலைக் கல்வி முடிவுற்றது. அடுத்த ஆண்டு அவர் பெயரிலேயே தமிழ்மொழி நிலையம் தோன்றியது. 1984-இல் மீத்திறன் திட்டம் வந்தது. 1987-க்குள் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்றுமொழி ஆனது. இந்நிகழ்வுகள் ஒன்றுக்கொன்று காரணமல்ல. எனினும், தமிழ் ஒரு பாடமாகச் சுருங்கிய அதே காலத்தில்தான் மீத்திறன் என்பதற்கு அதிகாரபூர்வமான வரையறை உருவாயிற்று என்பதை வரலாற்று மாணவர் கவனிக்காமல் இருக்க இயலாது.

தமிழ்க் குழந்தை நின்ற இடம்

தொடக்கநிலை மூன்றாம் வகுப்பில் தேர்வு இரண்டு கட்டங்களாக நடந்தது. முதற்கட்டத்தில் ஆங்கிலமும் கணிதமும் சோதிக்கப்பட்டன. இரண்டாம் கட்டத்தில் அவற்றுடன் பொது ஆற்றல் சோதனையும் இருந்தது. திட்டத்தில் வளப்படுத்தப்பட்ட பாடங்கள் ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூகவியல் ஆகியன. தாய்மொழி எதுவும், சீனமோ மலாயோ தமிழோ, தேர்விலும் இல்லை, வளப்படுத்தலிலும் இல்லை. பல்லினச் சமூகத்திற்குப் பொதுவான ஓர் அளவுகோல் வேண்டும் என்ற நியாயம் இதற்குண்டு. விளைவு என்னவெனில், ஒன்பது வயதில் தமிழில் மட்டும் ஒளிர்ந்த பிள்ளையை அவ்வளவுகோல் காணவில்லை.

பள்ளித் தெரிவிலும் ஓர் இடுக்கண் இருந்தது. ஒன்பது பள்ளிகளுள் கத்தோலிக் உயர்நிலைப்பள்ளியின் தொடக்கநிலைப் பிரிவு, நான் ஹுவா, நன்யாங், தாவ் நான் ஆகிய நான்கும் சீனமொழிக்குச் சிறப்பிடம் தரும் சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகள். அவற்றில் தமிழ் கற்க இயலாது. எஞ்சியவை ஐந்து. அவற்றுள் ஆங்கிலோ-சீனத் தொடக்கப்பள்ளி ஆண்பிள்ளைகளுக்கு உரியது. ராஃபிள்ஸ் பெண்கள் தொடக்கப்பள்ளி பெண்பிள்ளைகளுக்கு உரியது. ஆகவே ஒரு தமிழ்ச் சிறுவனுக்கும் நான்கே வாயில். ஒரு தமிழ்ச் சிறுமிக்கும் நான்கே வாயில். வீட்டிற்கருகில் எந்தப் பள்ளி என்று எண்ணும் முன்பே பெற்றோர் ‘எங்கே தமிழ் உண்டு’ என்று எண்ண வேண்டியிருந்தது.

ஆனால் இதற்குள் ஒரு நற்பயனும் மறைந்திருந்தது. மீத்திறன் மாணவர் தனித்து வளரக்கூடாது என்பதற்காக, உடற்கல்வி, கலை, இசை, தாய்மொழி முதலிய வேளைகளில் அவர்கள் பிற மாணவரோடு கலக்க ஏற்பாடு இருந்தது. ஆகவே எல்லா நிலை மாணவரையும் ஒரே அறையில் கண்டவர்களுள் தமிழாசிரியரும் ஒருவர். சட்டாம்பிள்ளை முறையின் நல்ல கூறு தொடர்வதற்கு இடமிருந்த வகுப்பு தமிழ் வகுப்பே.

சோதனையின் வரம்பு

தேர்வைக் குறைகூறுவது எளிது. அதன் வரம்பை அறிவதே பயன்தரும். 1905-இல் பாரிஸில் ஆல்ஃபிரட் பினே அறிவுச் சோதனையை உருவாக்கியது, உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிவதற்காக. அமெரிக்காவில் லூயிஸ் டெர்மன் அதனைத் திருத்தி, 1921 முதல் கலிபோர்னியாவில் மீத்திறன் குழந்தைகளைத் தெரிந்தெடுத்து அவர்களுடைய வாழ்நாளைத் தொடர்ந்து ஆராயப் பயன்படுத்தினார். அவருடைய சோதனையில் தேறாமல் விடுபட்ட சிறுவர்களுள் வில்லியம் ஷாக்லி, லூயிஸ் ஆல்வரெஸ் ஆகிய இருவர் பிற்காலத்தில் முறையே 1956-இலும் 1968-இலும் இயற்பியலுக்கான நோபெல் பரிசு பெற்றனர். வலையின் கண்ணளவை ஒட்டியே மீன் அகப்படும்.

1978-இல் ஜோசஃப் ரென்சுலி, சராசரிக்கு மேற்பட்ட ஆற்றல், படைப்புத்திறன், எடுத்த பணியில் ஊன்றிநிற்கும் தன்மை ஆகிய மூன்றும் கூடும் இடத்தில் மீத்திறன் வெளிப்படுகிறது என்றார். 1983-இல் ஹோவர்ட் கார்டனர் அறிவு பலவகைப்படும் என்று வாதிட்டு, மொழியறிவை அவற்றுள் ஒன்றாக எண்ணினார். இக்கருத்துகளை ஏற்போமாயின், எட்டு வயதுப் பிள்ளையின் தமிழ்த் திறனைக் காணும் பொறுப்பு தமிழாசிரியருடையது என்பதையும் ஏற்க வேண்டும்.

தமிழில் மீத்திறன் எவ்வாறு தோன்றும்?

அதிக மதிப்பெண்ணும் அழகிய கையெழுத்தும் மட்டுமே அதன் அடையாளங்கள் அல்ல. மொழியியலார் என்ற முறையில் நாம் பரிந்துரைக்கும் அடையாளம், பிள்ளை கேட்கும் வினாவே. ‘ஓடு’ என்பது ‘ஓடினான்’ என்றாகிறது. ‘பாடு’ என்பது ‘பாடினான்’ என்றாகிறது. அவ்வாறாயின் ‘போடு’ மட்டும் ஏன் ‘போட்டான்’ ஆகிறது என்று ஒரு பிள்ளை கேட்பதாகக் கொள்வோம். ‘அது அப்படித்தான்’ என்ற விடை அவ்வினாவை முடித்துவிடும். உண்மையில் அவ்வினா மொழி வரலாற்றின் ஓர் அறையைத் திறக்கிறது. ‘போடு’ என்பது ‘போகடு’ என்னும் பழைய வினையின் சுருக்கம் என்று அறிஞர் கருதுவர். ‘விடு’, ‘விட்டான்’ ஆவதுபோலப் ‘போகடு’, ‘போகட்டான்’ ஆகும். அதுவே சுருங்கிப் ‘போட்டான்’ என நின்றது. ஒலி வடிவில் ‘ஓடு’ என்பதை ஒத்தாலும், பிறப்பில் அது வேறு குடியைச் சேர்ந்தது.

சிறு குழந்தை ‘போடினான்’ என்று பிழையாகச் சொல்வதும் அறிவின் அறிகுறியே. விதியைத் தானே கண்டுபிடித்து எங்கும் பொருத்திப் பார்க்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் இக்கட்டத்தைக் கடந்து செல்வர். விதிக்கும் விலக்குக்கும் இடையே நின்று காரணம் கேட்கும் பிள்ளையே நாம் தேடும் பிள்ளை. வீட்டுப் பேச்சுக்கும் பாடநூல் எழுத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தானே அட்டவணைப்படுத்துவது, பெயரில்லாத பொருளுக்குத் தமிழ்ச்சொல் ஆக்குவது, ஆங்கிலத்தையும் தமிழையும் ஒப்பிட்டு ‘இங்கே ஏன் வினை இறுதியில் வருகிறது’ என்று வினவுவது ஆகியனவும் அத்தகைய அடையாளங்கள். இவ்வாறு வினவும் பிள்ளை சரளமாகப் பேசும் பிள்ளையாக இருக்க வேண்டும் என்பதில்லை. 2020-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்தும் அதற்கு மேலும் வயதுடைய சிங்கப்பூர் இந்தியருள் வீட்டில் தமிழை மிகுதியாகப் பேசுவோர் 27.9 விழுக்காட்டினர், 2010-இல் அது 36.7 விழுக்காடு. தமிழ் குறைவாகப் புழங்கும் வீட்டிலிருந்து வரும் பிள்ளை, மொழியை வெளியிலிருந்து நோக்குவதால் சிலவேளை கூர்மையான வினாக்களை எழுப்புகிறது. சரளமின்மையைத் திறனின்மையாகக் கொள்ளலாகாது.

2024-இன் மாற்றம்

உயர்நிலையில் கல்வி அமைச்சு நேரடியாக நடத்திய மீத்திறன் திட்டம் 2008-ஆம் ஆண்டின் இறுதியில் நிறைவுற்று, பள்ளிகளின் ஒருங்கிணைந்த திட்டங்களுடன் கலந்தது. தொடக்கநிலையிலும் மாற்றம் வரும் என்று 2024 ஆகஸ்டில் தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லாரன்ஸ் வோங் அறிவித்தார். ஒன்பது பள்ளிகளில் தனி வகுப்புகளாக நடக்கும் முறை கைவிடப்படும். ஒவ்வொரு தொடக்கப்பள்ளியும் தன்னிடமுள்ள உயர்திறன் மாணவரைத் தானே வளர்க்கும். கூடுதல் வளர்ச்சி தேவைப்படுவோர் பள்ளி நேரத்திற்குப் பின் குறிப்பிட்ட பள்ளிகளில் சேர்ந்து பயிலலாம். 2024-இல் முதல் வகுப்பில் இருந்த பிள்ளைகள் 2027-இல் நான்காம் வகுப்பை எட்டும்போது புதிய முறை அவர்களுக்கு நடைமுறைக்கு வரும்.

இம்மாற்றத்தின் இரண்டு கூறுகள் தமிழாசிரியர்க்கு முதன்மையானவை. ஒன்று, மூன்றாம் வகுப்புத் தேர்வு ஒன்றே வாயிலாக இராது. நான்கு முதல் ஆறு வரையிலான வகுப்புகளிலும் மாணவர் கண்டறியப்படலாம். மற்றொன்று, தேர்வு மதிப்பெண்ணோடு ஆசிரியரின் அன்றாட நோக்கும் மாணவரின் ஆக்கங்களும் கருதப்படும். ஆசிரியர் நோக்கு என்பதனுள் தமிழாசிரியரின் நோக்கும் அடங்குமா? அது தானாக அடங்கிவிடாது. தமிழாசிரியர் எழுதிக்கொடுத்தால் அடங்கும். எழுதாவிடில் ஆங்கில, கணித ஆசிரியர்களின் சொல்லே நிற்கும். நூற்று நாற்பது ஆண்டுகளில் தமிழில் வெளிப்படும் திறன் அதிகாரபூர்வமான ஏட்டில் இடம்பெற இவ்வளவு வாய்ப்பான தருணம் முன்பு வாய்த்ததில்லை என்று நாம் கருதுகிறோம்.

ஆசிரியரும் பெற்றோரும்

ஆசிரியர்க்கு நாம் கூறுவன மூன்று. முதலாவதாக, ஒரு குறிப்பேடு வையுங்கள். மாணவர் கேட்ட நல்ல வினாவை நாளோடும் பெயரோடும் அதில் பதியுங்கள். ஓராண்டுக் குறிப்பு, ஒருநாள் தேர்வைவிடச் சிறந்த சான்றாகும். இரண்டாவதாக, விரைந்து முடித்த பிள்ளைக்கு அதே வகைப் பயிற்சியை மேலும் பத்து கொடுக்காதீர்கள். ஆய்ந்தறிய ஒரு சிறு பொருள் கொடுங்கள். தாத்தா பாட்டியின் வட்டாரச் சொற்களைத் தொகுத்தல், தெருப்பெயர்ப் பலகைகளின் தமிழ் வடிவங்களை ஒப்பிடுதல் போன்றவை பத்து வயதுப் பிள்ளைக்கு எட்டும் ஆய்வுகளே. மூன்றாவதாக, அப்பிள்ளை கண்டதை வகுப்புக்கு விளக்கச் செய்யுங்கள். பிரிவின்றி வளர்க்கும் பழைய வழி அதுவே.

பெற்றோர்க்குக் கூற வேண்டியது வேறு. தேர்வுக்காகப் பிள்ளையைப் பழக்கும் துணைப்பாட வகுப்புகளைக் கல்வி அமைச்சு ஊக்குவிப்பதில்லை, அதற்குக் காரணமுண்டு. பழக்கத்தால் பெற்ற மதிப்பெண், பிள்ளை தாங்க இயலாத இடத்தில் பிள்ளையைக் கொண்டு சேர்த்துவிடக்கூடும். அவ்வகுப்புக்குச் செல்லும் நேரத்தை நூலகத்திற்கும் வீட்டுத் தமிழ்ப் பேச்சுக்கும் தாருங்கள். உயர்தமிழ் கற்க வாய்ப்பிருப்பின் அதனைக் கூடுதல் சுமையாக மட்டும் எண்ணாதீர்கள். பள்ளியில் தமிழ் இல்லையெனில் உயர்நிலை மாணவர்க்கு உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் இருக்கிறது. தொடக்கக் கல்லூரியில் தமிழ்மொழியையும் இலக்கியத்தையும் உயர்நிலைப் பாடமாகக் கற்க வழி இருக்கிறது. எழுதும் பிள்ளைக்கு மாணவர் முரசு இருக்கிறது. ஏப்ரல் தோறும் தமிழ்மொழி விழாவில் மேடைகள் இருக்கின்றன. முன்னோர் நிதி திரட்டி அமைத்த படிகள் இன்று அரசும் சமூகமும் சேர்ந்து தாங்கும் படிகளாக உள்ளன. ஏறுவோர் குறைந்தால் அவை நீக்கப்படவும் கூடும் என்பதை மறத்தலாகாது.

2027-இல் நான்காம் வகுப்பில் அமரவிருக்கும் பிள்ளைகளுள், ‘போடு’ ஏன் ‘போட்டான்’ ஆயிற்று என்று கேட்பவர் ஒருவரேனும் இருப்பர். அவ்வினாவைக் கேட்ட ஆசிரியர் அதனை ஏட்டில் பதிந்து, பள்ளித் தலைவரிடம் கொடுத்து, பெற்றோரிடமும் தெரிவிப்பாராயின், தேடல் தமிழிலும் நடந்தது என்று வருங்கால வரலாற்றாசிரியர் எழுதுவர்.